எக்ஸெப்ஷனலி: ‘மிகவும்’ என்று போட்டால் போதுமா?

கேள்வி:
ஓர் ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்குகிறேன். ‘எக்ஸெப்ஷனலி, லேட் அப்ளிகேஷன்ஸ் மே பி அக்செப்டட்’ என்று ஒரு வரி. கீழே ‘எக்ஸெப்ஷனலி ஹை மார்க்ஸ்’ என்றும் வருகிறது. இரண்டுக்கும் ‘மிகவும்’ போட்டால் முதல் வரி பொருளே தரவில்லை. எக்ஸ்ட்ரீம்லி என்பதிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

மறுமொழி 1:
முதல் வரியில் இருக்கும் காற்புள்ளியைப் பாருங்க. வாக்கியத் தொடக்கத்தில் காற்புள்ளியோடு வந்தால் இந்தச் சொல் அளவைச் சொல்லாது. ‘விதிவிலக்காக’ என்று பொருள். ‘தாமதமாக வரும் விண்ணப்பங்கள் விதிவிலக்காகச் சில நேரம் ஏற்கப்படலாம்’ என்று எழுதுங்க. பிரிட்டிஷ் அலுவலக நடையில் இது சாதாரணம்.

பெயரடைக்கு முன்னால் ஒட்டி வந்தால்தான் அளவு. அங்கேயும் வெறும் ‘மிக’ அல்ல, ‘வழக்கத்தை மீறி மிக’. லத்தீனில் ‘வெளியே எடு’ என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. எதிலிருந்து வெளியே எடுக்கிறோம் என்பதற்கு ஒரு வழக்கம் பின்னால் இருந்தாக வேண்டும். எக்ஸ்ட்ரீம்லிக்கு அது தேவையில்லை. அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் ஜூலையில் மைனஸ் 65 டிகிரி என்றால் எக்ஸ்ட்ரீம்லி கோல்ட். ஆனால் அந்த இடத்துக்கு அது வாடிக்கை, எக்ஸெப்ஷனலி சேராது. அதே இடத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. அதற்கு எக்ஸெப்ஷனலி கோல்ட் கச்சிதமாகப் பொருந்தும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. தமிழில் எந்தச் சொல் போடுவது என்பதில்தான் சறுக்கல் அதிகம். ‘அசாதாரண’ என்றால் நம் செய்தி நடையில் கலவர வாடை அடிக்கும்; மதிப்பெண்ணுக்கு ஒட்டாது. ‘தனிச்சிறப்பாக’ என்றால் பாராட்டாகிவிடும். ஆங்கிலச் சொல்லோ நல்லது கெட்டது பார்க்காது, எக்ஸெப்ஷனலி பேட் என்றும் வரும். உங்கள் வரிக்கு ‘வழக்கத்துக்கு மேலான உயர் மதிப்பெண்’ போதும். அமெரிக்கக் கல்வித் துறைத் தாள்களில் ‘எக்ஸெப்ஷனல் சில்ட்ரன்’ கண்டால் ‘மேதைக் குழந்தைகள்’ என்று எழுதிவிடாதீங்க. கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

கேட்டவர்:
நன்றி. நான் தமிழாக்கும் அறிவிப்பில் ‘எக்ஸெப்ஷனபிள் காண்டக்ட்’ என்றும் இருக்கிறது. அதுவும் இதே பொருள்தானா?

மறுமொழி 1:
இல்லைங்க, நேர் எதிராகப் போய்விடும். எக்ஸெப்ஷனபிள் என்றால் ஆட்சேபத்துக்குரியது. ‘டேக் எக்ஸெப்ஷன்’, அதாவது மறுப்புத் தெரிவிப்பது, என்ற வழக்கிலிருந்து வந்தது. முன்னால் ‘அன்’ சேர்த்தால் இன்னும் கவனம்: அன்எக்ஸெப்ஷனல் சாதாரணமானது, அன்எக்ஸெப்ஷனபிள் குறை சொல்ல இடமில்லாதது. நன்னடத்தைச் சான்றிதழில் இந்த இரண்டும் இடம் மாறினால் ஆளின் மதிப்பே மாறிவிடும்.