மே மாதம் கொல்லிமலையில் 42 கி.மீ. காட்டுப்பாதை ஓட்டம்: எப்படித் தயாராவது?

அடையாறு_ஓட்டம்:
வணக்கம் நண்பர்களே. மே கடைசியில் கொல்லிமலையில் 42 கி.மீ. காட்டுப்பாதை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். தார்ச்சாலையில் முழு மாரத்தானை நாலரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன், ஆனால் பயிற்சி முழுக்க பெசன்ட் நகர் பக்கம் சமதளத்தில்தான். மலை என்பதால் வெயில் படுத்தாது என்கிறார்கள், உண்மையா? வேகம், தண்ணீர், உப்பு எல்லாம் எப்படித் திட்டமிடுவது?

நாமக்கல்_மலையேறி:
மேலே 1000 மீட்டருக்கு மேல் உயரம், விடியற்காலை இதமாகத்தான் இருக்கும். அதை நம்பி முதல் பத்து கிலோமீட்டரை வேகமாக ஓடிவிடாதீர்கள். கோடை மழை பெய்த மறுநாள், வெயில் ஏறிய பிறகு, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே காற்றே அசையாது. வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும், ஈரக்காற்றில் அது நடக்காமல் சொட்டிக்கொண்டே போகும். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளில் ஒருமுறை இறங்கி ஏறிப் பாருங்கள், புரிந்துவிடும். சாலை நேரத்தை மறந்துவிடுங்கள். ஏற்றம் வந்தால் தயங்காமல் நடங்கள், முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்குத்தான் மூச்சு வாங்க வேண்டும்.

பரங்கிமலை_படிகள்:
சென்னைக்காரருக்கு ஒரு வசதி உண்டு, புழுக்கம் நமக்குப் பழக்கம். ஆனாலும் கடைசி இரண்டு வாரம் கொஞ்சம் வெயில் ஏறியபின் மெதுவாக ஓடிப் பழகுங்கள். பொதுவாக 10 முதல் 14 நாளில் உடம்பு பழகிவிடும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பும் குறைவாகப் போகும். அப்புறம் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள், தொடையை உடைப்பது இறக்கம்தான். பரங்கிமலைப் படிகளில் ஏறுவதோடு நிறுத்தாமல் சின்னச் சின்ன அடி வைத்து இறங்கியும் பழகுங்கள்.

செவிலியர்_ஓடுகிறார்:
தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்ததையும் கூட்டினால் உங்கள் வியர்வை அளவு தெரியும். அதைவிட அதிகமாகக் குடிக்கவே கூடாது, ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) என்றால் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், குறைத்துக் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கு ஆபத்து. கூட ஓடுபவர் உளறினாலோ தள்ளாடினாலோ உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆள் அனுப்பி உதவி கேளுங்கள். குளிர்விப்பது முதலில், வண்டி ஏற்றுவது அதற்குப் பிறகு.

அடையாறு_ஓட்டம்:
ரொம்ப நன்றி. ஊன்றுகோல் தேவையா?

நாமக்கல்_மலையேறி:
ஏற்றத்துக்கு நல்லது, ஆனால் பழகாமல் கொண்டுவராதீர்கள். அந்தக் கைக்கு இன்னொரு தண்ணீர் பாட்டில் மேல்.