புதுப்பிப்பு: கெட்டில் கிரில்லில் கரி நின்று எரிய வைப்பது

முன்பு கேட்டது இதுதான்: 22 அங்குல கெட்டில் கிரில்லில் (மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்பு) பன்றித் தோள்கறியைப் புகையில் வேகவைக்கும்போது, நடுவே கரி சேர்க்காமல் 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூட்டை எப்படி நிறுத்துவது? இரண்டு வழி சொன்னீர்கள். பற்றாத கரிக் குவியல் மேல் கொஞ்சம் கனிந்த கரியைக் கொட்டும் மினியன் முறை; விளிம்போரமாகக் கரியை வளைத்து அடுக்கும் பாம்பு முறை.

பாம்பு முறைதான் கைகொடுத்தது. மினியன் முறை உயரமான ஸ்மோக்கருக்குப் (புகையில் வேகவைக்கும் அடுப்பு) பொருத்தம். கெட்டிலில் நெருப்புக்கும் கறிக்கும் போதிய இடைவெளி இல்லை.

கீழே இரண்டு வரிசை, மேலே இரண்டு வரிசை என பிரிக்கெட் கரியை (அச்சில் அழுத்திய கரிக்கட்டி) அரைவட்டத்துக்குச் சற்று அதிகமாக அடுக்கினேன். சிம்னியில் (கரி பற்றவைக்கும் உலோகக் குழாய்) பத்துக் கரியைச் சாம்பல் பூக்கும்வரை கனியவிட்டு ஒரு முனையில் வைத்தேன். நடுவில் தண்ணீர்த் தட்டு. மேல் துவாரம் முழுக்கத் திறப்பு, கீழ்த் துவாரம் கால்வாசி. சூடு ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு, அதனால் 100 டிகிரியைத் தொடும்போதே கீழ்த் துவாரத்தைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், எரிதிரவம் ஊறிய 'உடனே பற்றும்' கரி இதற்கு வேண்டவே வேண்டாம். புதுக்கரி கடைசிவரை ஒவ்வொன்றாகப் பற்றுவதால் அந்த வாடையும் கடைசிவரை கறியில் ஏறும். மூடியை அடிக்கடி திறந்து பார்க்கிற நண்பர்களையும் தள்ளி உட்கார வையுங்கள். உள்ளே காற்றுப் புகுந்தால் பாம்பு வேகமாக ஓடும்.

அடுத்தது பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி). அதற்கு வளையத்தை முக்கால்வட்டமாக நீட்டப் போகிறேன்.