பான் நம்பர் போட்டதும் மத்ததெல்லாம் தானா வருதே, எங்க இருந்து வருது?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு ஆப்ல ஷேர் வாங்கி வைக்கிற டீமேட் அக்கவுண்ட் ஓபன் பண்ண உட்கார்ந்தேன். பான் நம்பரும் பிறந்த தேதியும் போட்டேன், உடனே முழுப்பேரு வந்து நிக்குது, அப்புறம் அரசு ஆவணங்கள் வைக்கிற டிஜிலாக்கர் பக்கத்துக்கு கூட்டிட்டு போயி ஆதார் ஓடிபி கேட்டுச்சு, போட்டதும் ஆதார்ல இருக்குற பழைய போட்டோ, கதவு நம்பர், பின்கோடு எல்லாம் ஃபார்ம்ல ஏறிடுச்சு. பேங்க் டீடெயில்ஸுக்கு யூபிஐல 1 ரூபா அனுப்பச் சொன்னாங்க, அனுப்புனதும் அக்கவுண்ட் நம்பர் கூட நான் டைப் பண்ண வேண்டியதில்ல. இவ்வளவும் முடிஞ்சு கடைசியில "பெயர் பொருந்தவில்லை"ன்னு நிறுத்திடுச்சு. என்னைப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச சிஸ்டத்துக்கு நான் தான் நான்னு ஏன் தெரியல? இந்த டேட்டா எல்லாம் ஒரே இடத்துல இருக்கா, யாரு வேணா எடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேக்எண்ட்_தம்பி:
அண்ணா, நான் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யாருன்னு சரிபாக்குற சிஸ்டம் பக்கம் தான் வேலை பாக்குறேன். ஒரே இடத்துல கிடையாது. நீங்க பாத்த ஒவ்வொரு ஸ்க்ரீனும் ஒவ்வொரு இடத்துல போய் கேட்டுட்டு வருது. முன்னாடி மியூச்சுவல் ஃபண்ட் ஏதாவது போட்டிருந்தீங்கன்னா கேஆர்ஏன்னு கேஒய்சி விவரங்கள சேத்து வைக்கிற நிறுவனம் ஒன்னுல உங்க ரெக்கார்ட் இருக்கும், பங்குச்சந்தையக் கண்காணிக்கிற செபி 2011ல கொண்டு வந்த ஏற்பாடு, ஒரு தடவ கேஒய்சி குடுத்தா மத்த புரோக்கர், ஃபண்ட் கம்பெனி எல்லாம் பான் நம்பர வச்சு அதையே எடுத்துக்கலாம். அட்ரஸும் போட்டோவும் ஆதார்ல இருந்து டிஜிலாக்கர் வழியா வந்தது, அது நீங்க ஓடிபி போட்டு சம்மதம் குடுத்ததால மட்டும் தான். அந்த 1 ரூபா உங்க பேங்க்ல இருந்து வரும்போது அக்கவுண்ட் யாரு பேர்ல இருக்குன்னும் சேத்து கொண்டு வரும்.

இப்ப பான், ஆதார், பேங்க்னு மூணு இடத்துல இருந்து உங்க பேரு மூணு விதமா வந்துருக்கு. அத எழுத்து எழுத்தா ஒப்பிட்டு ஒரு ஸ்கோர் போடும், ஸ்கோர் கம்மின்னா நிறுத்திடும். சிஸ்டம் உங்களப் பாக்கல அண்ணா, உங்க ரெக்கார்டுகள் ஒன்னோட ஒன்னு ஒத்துப்போகுதான்னு மட்டும் தான் பாக்குது.

இசேவை_அக்கா:
தம்பி சொன்னது சரி, ஆனா பிரச்சன எங்க ஆரம்பிக்குதுன்னு நான் சொல்றேன், எங்க சென்டருக்கு வர்றதுல பாதி இது தான். நமக்கு குடும்பப் பேரு கிடையாது, இனிஷியல் தான். பான் அப்ளிகேஷன்ல கடைசிப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல இனிஷியல் மட்டும் போட்டா ஏத்துக்காது, விரிச்சு எழுதணும், அதனால அப்பா பேரு அங்க போய் உக்காந்துடும். நம்பலன்னா உங்க பான் நம்பர்ல அஞ்சாவது எழுத்தப் பாருங்க, பெரும்பாலும் அப்பா பேரோட முதல் எழுத்தா இருக்கும். ஆதார்ல "முத்துக்குமார் எஸ்", பான்ல "முத்துக்குமார் சண்முகம்", பேங்க்ல "எஸ் முத்துக்குமார்". ஆளு ஒருத்தர் தான், மெஷினுக்கு மூணு பேர். கல்யாணம் ஆன பொண்ணுங்க பாடு இதுக்கும் மேல, சர்டிபிகேட்ல அப்பா இனிஷியல், ரேஷன் கார்டுல வீட்டுக்காரர் இனிஷியல், அந்தப் புள்ளைங்க என்ன தப்பு பண்ணுச்சு சொல்லுங்க. இந்த ஃபார்ம எல்லாம் டிசைன் பண்றவங்க தமிழ்நாட்டுப் பேரு எப்படி இருக்கும்னு ஒரு தடவயாவது யோசிச்சிருக்கணும்.

வைகைக்கரை:
அக்கா, நீங்க சொன்ன மாதிரியே தான் இருக்கு, பான்ல அப்பா பேரு, ஆதார்ல இனிஷியல். அப்ப ஆதாரப் போய் மாத்திடவா? அப்புறம் இப்படி பான், ஆதார் எல்லாத்தையும் இணைச்சு வச்சு வேற என்னவெல்லாம் பாக்குறாங்க?

கொங்குக்காரன்:
ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேனுங்க. வருமான வரி சைட்ல லாகின் பண்ணி ஏஐஎஸ்னு வருஷாந்திர வரவு செலவு விவரப் பட்டியல் இருக்கும் பாருங்க, 2021ல இருந்து இருக்கு. எஃப்டி வட்டி, டிவிடெண்ட், ஷேர் வித்தது, நிலம் வாங்குனது எல்லாம் உங்க பான் நம்பர்ல கோத்து வச்சிருப்பாங்க. லோன் கேட்டா கிரெடிட் ரிப்போர்ட்டும் பான வச்சுத் தான் எடுப்பாங்க. மகளிர் உரிமைத் தொகை 2023ல வந்தப்ப வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல கரண்ட் ஓடுற வீடு கெடையாதுன்னு ஒரு விதி, கார் இருந்தா கெடையாதுன்னு ஒரு விதி, இதையெல்லாம் அரசாங்கத்துகிட்ட இருக்குற டேட்டாவ வச்சுப் பாக்க முடியுது. நல்லதும் இருக்கு, வசதியானவங்க பொய் சொல்லி வாங்க முடியாது. ஆனா ஒரே மீட்டர்ல மூணு குடும்பம் இருக்குற வீட்டுல அந்த யூனிட்ட யாரு ஓட்டுனாங்கன்னு மீட்டர் சொல்லாதுங்களே. அதனால தான் மேல்முறையீடு பண்ற வழி ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கிறேன், ரிஜெக்ட் ஆனவங்க கோட்டாட்சியர்கிட்ட 30 நாளுக்குள்ள பண்ணலாம்னு வச்சிருந்தாங்க.

இன்னொன்னு, ஆதார எல்லாத்துக்கும் கட்டாயம்னு சொன்னா நம்பாதீங்க. 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் பேங்க் அக்கவுண்டுக்கும் சிம்முக்கும் கட்டாயம் இல்லன்னு தீர்ப்பு குடுத்துடுச்சு. பானோட இணைக்கிறதும் அரசு மானியமும் மட்டும் நிக்குது.

பேக்எண்ட்_தம்பி:
யாரு வேணா எடுக்கலாமான்னு கேட்டீங்கல்ல, ஆதார் டேட்டாவ ஓடிபி, கைரேகை மாதிரி ஏதாவது ஒன்னு இல்லாம முறைப்படி எடுக்க முடியாது. ஆனா கைரேகையையே திருடுனவங்க இருக்காங்க, 2018ல தெலங்கானாவுல பத்திரப்பதிவு ஆவணத்துல இருந்த ரேகைய ரப்பர்ல எடுத்து சிம் ஆக்டிவேட் பண்ணி மாட்டுனாங்க. அதனால மைஆதார் சைட்ல போயி கைரேகைய யாரும் பயன்படுத்த முடியாதபடி பயோமெட்ரிக் லாக் போட்டு வைங்க, தேவைப்படும்போது லாக்க எடுத்துடலாம். அங்கயே கடைசி 6 மாசத்துல உங்க ஆதார எந்த நிறுவனம் சரிபாத்துச்சுன்னு லிஸ்ட் வரும். தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி சைட்ல உங்க பேர்ல எத்தன சிம் ஓடுதுன்னும் பாத்துடுங்க. ஹோட்டல், ஜெராக்ஸ் கடைன்னு போற இடத்துல எல்லாம் கடைசி 4 நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க் பண்ண ஆதார் குடுங்க, அதுவே போதும்.

இசேவை_அக்கா:
வைகைக்கரை தம்பி, அவசரப்பட்டு மாத்தாதீங்க. ஆதார்ல பேரு வாழ்க்கையில ரெண்டு தடவ தான் மாத்த முடியும். முதல்ல பான், பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக் மூணையும் பக்கத்துல வச்சு எதுல எப்படி இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. பானும் பாஸ்போர்ட்டும் ஒன்னா அப்பா பேரோட இருந்தா, அந்தப் பாஸ்போர்ட்டையே ப்ரூஃபா வச்சு ஆதார்ல இனிஷியல விரிச்சுடலாம், அப்புறம் புது ஆதாரக் காட்டி பேங்க்ல மாத்துங்க. டிஜிலாக்கர்ல புதுப் பேரு வந்துடுச்சான்னு பாத்துட்டு அதுக்கப்புறம் டீமேட் அப்ளிகேஷனப் போடுங்க. ஸ்பெல்லிங்ல ஒரு ஹெச் கூடக் கொறைய இல்லாம பாத்துக்கங்க, சண்முகத்துக்கு எஸ்ஸா எஸ்ஹெச்சாங்கறதுல தான் பாதிப் பேரு மறுபடி எங்க சென்டருக்கு வர்றாங்க.