கறுப்பர் என்ற அடையாளத்தை எது தீர்மானிக்கிறது: நிறமா, வம்சாவளியா, வரலாறா?

முட்டம் வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வேலை பார்க்கிறான். கடற்கரை வெயிலில் வளர்ந்தவன்; எங்கள் குடும்பத்திலேயே நல்ல கறுப்பு. அவனோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் அமெரிக்க நண்பர் மாநிறம். வடசேரி சந்தையில் நடந்து போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அங்குள்ள படிவங்களில் அந்த நண்பர் கறுப்பர், எங்கள் பையன் ஆசியர். வீடியோ அழைப்பில் இருவரும் கைகளை அருகருகே நீட்டிக் காட்டிச் சிரித்தார்கள். கமலா ஹாரிசின் தாயார் தமிழ்ப்பெண்ணாக இருந்தும் அவரைக் கறுப்பினத்தவர் என்று எழுதுவதும் எனக்கு விளங்கவில்லை. தோலின் நிறம் அளவுகோல் இல்லையென்றால் வேறு எது? உயிரியலா, சட்டமா, அவரவர் சொல்லிக்கொள்வதா?

தக்கலை ஆசிரியை (ஓய்வு):

தம்பி, உயிரியலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஆப்பிரிக்கக் கண்டத்து மக்களுக்குள் காணப்படும் மரபணு வேறுபாடு மற்ற எந்தக் கண்டத்தையும்விட அதிகம் என்பதால், அவர்கள் அனைவரையும் ஒரே உயிரியல் இனமாகக் கட்டிவைக்க வழியில்லை.

அமெரிக்காவில் இந்த எல்லையை வரைந்தது அடிமை முறையின் சொத்துக் கணக்கு. பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலையே முடிவுசெய்யும் என்று 1662-இல் வர்ஜீனியா சட்டம் இயற்றியது. ஆங்கிலேய வழக்கப்படி தந்தையைப் பின்பற்ற வேண்டிய ஒன்றை இப்படித் திருப்பியதால், அடிமைப் பெண்ணுக்கு வெள்ளை முதலாளி வழியாகப் பிறந்த குழந்தையும் அவனுடைய உடைமையாகவே சேர்ந்தது. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. இந்தக் கணக்கு ஒழியவில்லை. மூதாதையரில் ஒருவர் ஆப்பிரிக்கராக இருந்தாலே போதும் என்ற ‘ஒரு துளி இரத்த’ வழக்கத்தை அதே வர்ஜீனியா 1924-இல் சட்டமாகவும் எழுதிக்கொண்டது.

1892-இல் நியூ ஆர்லியன்சில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறி அமர்ந்தார். அவருடைய வம்சாவளியில் எட்டில் ஒரு பங்கே ஆப்பிரிக்கம், பார்வைக்கு வெள்ளையர். எனவே அவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இனவாரியாகப் பெட்டி பிரிக்கும் சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டுமென்று ஒரு குழு முன்கூட்டியே திட்டமிட்டிருந்ததால், தாம் யார் என்பதை அவரே நடத்துநரிடம் சொல்லிக் கைதானார். 1896-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கண்ணுக்குத் தெரியாததைத் தண்டித்த சட்டத்தை நிறச் சட்டம் என்று எப்படிச் சொல்வது?

நம்மவர் நிலையையும் சொல்லிவிடுகிறேன். 1920 முதல் 1940 வரை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியருக்கு ‘இந்து’ என்று ஓர் இனமே இருந்தது, சீக்கியரும் அதில்தான். உங்கள் முட்டத்துக் கத்தோலிக்கர் யாரேனும் அப்போது அங்கே போயிருந்தால் அவரும் இந்துவே! 1970-இல் இந்தியரை வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1980-இல் ஆசிய இந்தியர் என்று தனியே எழுதினார்கள். தோல் அப்படியேதான் இருந்தது.

டர்பன்வாசி (சொந்த ஊர் மார்த்தாண்டம்):

அக்கா சொன்னது அமெரிக்கக் கதை. தென்னாப்பிரிக்காவில் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் பதிந்தது. தோற்றமும் ஊரார் ஏற்பும்தான் அளவுகோல். சந்தேகம் வந்தால் தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். நழுவி விழுந்தால் ஒரு வகுப்பு, சிக்கி நின்றால் வேறொரு வகுப்பு. ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு இனமாகப் பதியப்பட்ட கொடுமையும் நடந்தது. 1991-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது.

1860-இல் சென்னையிலிருந்து ‘துரூரோ’ கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த தமிழர்கள் அந்தப் பதிவில் கறுப்பர் அல்லர், இந்தியர். ஆனால் மாணவர் தலைவரான ஸ்டீவ் பிக்கோவும் தோழர்களும் தொடங்கிய கறுப்பு உணர்வு இயக்கம் இந்தப் பட்டியலையே மறுத்தது. சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒடுக்கப்பட்டு, அதை எதிர்க்கும் போராட்டத்தில் தங்களை ஒன்றாகக் காண்பவர்கள் அனைவரும் கறுப்பரே என்று அறிவித்தது. அந்த இயக்கத்தின் ஸ்ட்ரினி மூட்லி போன்ற இந்திய வம்சாவளியினர் ராபன் தீவுச் சிறைக்கும் போனார்கள். இன்றைய பொருளாதார அதிகாரமளிப்புச் சட்டத்திலும் கறுப்பர் என்ற வரையறைக்குள் இந்தியரும் அடக்கம். ஆயினும் டர்பன் தெருவில் எங்களை யாரும் கறுப்பர் என்று அழைப்பதில்லை. நம்மவரில் பலரும் அப்படி அழைக்கப்பட விரும்புவதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கோட்டாறு நூலகர்:

மேலே உள்ள இரண்டு பதில்களும் ஒடுக்கியவர்கள் வரைந்த கோட்டைத்தான் பெரிதும் பேசுகின்றன. நம் குமரி மாவட்டத்தின் தோள்சீலைப் போராட்டத்தை எண்ணிப் பாருங்கள். நாடார் பெண்ணை மற்றவரிடமிருந்து தோலால் பிரித்தறிய முடியாது. அதனால்தான் திருவிதாங்கூரில் மேலாடைத் தடை என்ற அடையாளம் தேவைப்பட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1859-இல் அரச அறிவிப்பு வந்து தடை தளர்ந்தது. தடையால் குறிக்கப்பட்டவர்கள் அதற்குப் பிறகு தங்களை யாராக எண்ணிக்கொண்டார்கள் என்பதைத் தடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? பள்ளியும் கோவிலும் சங்கமும் அவர்களே கட்டியவை. சாதியும் இனமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. தடை நீங்கிய பின்னும் நிற்கும் உறவைக் காட்டவே இதைச் சொன்னேன்.

கமலா ஹாரிசின் தந்தை ஜமைக்காவைச் சேர்ந்தவர். கமலா படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகம் 1867-இல் தொடங்கிய, கறுப்பினத்தவரின் பெருமைக்குரிய நிறுவனம். வம்சாவளி இருக்கிறது, அந்தச் சமூகத்துக்குள் வாழ்ந்ததும் இருக்கிறது, அவர்களும் தம்மவராக ஏற்கிறார்கள். தாய்வழி மரபு இதனால் அழிந்துவிடவில்லை. இதற்கு மாறாக ரேச்சல் டோலசாலைப் பாருங்கள்: வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தவர், தம்மைக் கறுப்பர் என்று சொல்லிக் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமொன்றின் நகரக் கிளைக்குத் தலைவராகவும் இருந்தார். 2015-இல் உண்மை வெளிப்பட்டதும் பதவி விலக நேர்ந்தது. ஆகவே தானே சொல்லிக்கொள்வது மட்டும் போதாது.

முட்டம் வாசகர்:

நன்றி. அப்படியானால் அடிமை வரலாறு இல்லாமல், நைஜீரியாவிலிருந்து அண்மையில் அமெரிக்கா சென்ற ஒருவர்?

தக்கலை ஆசிரியை (ஓய்வு):

சொந்த நாட்டில் அவர் யோருபா அல்லது இக்போ இனக்குழுவினர். அங்கே கறுப்பர் என்று சொல்லிக்கொள்ள அவருக்குத் தேவையே எழுந்திராது. அமெரிக்காவில் இறங்கியதும் படிவமும் காவல்துறையும் அவரைக் கறுப்பராகவே எடுத்துக்கொள்கின்றன. ஜார்ஜியாவில் கறுப்பருக்கென ஒதுக்கப்பட்ட ரயில் பெட்டியில் ஏறியாக வேண்டியவனே கறுப்பன் என்று அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் சொன்ன வரையறைப்படி இவரும் கறுப்பர்தான். அடிமைகளின் வழித்தோன்றல்களில் ஒரு சாரார் இதை ஏற்பதில்லை. இழப்பீடு, கல்லூரி இடம் போன்றவற்றில் தங்கள் உரிமைக்கோரிக்கை தனியானது என்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். கோட்டாறு நூலகர் வேறுவிதமாக நினைக்கலாம்.