ஓராண்டு உலகப் பயணம்: விசா தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, வழி சொல்லுங்கள்

பொன்மலைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவன். எனக்கு வயது 62, மனைவிக்கு 59. வரும் ஜனவரி நடுவில் கிளம்பி ஓராண்டு உலகத்தைச் சுற்றி வரலாம் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டோம். பணம் ஓரளவு சேர்த்து வைத்திருக்கிறேன். சிக்கல் அதில் இல்லை.

நான் போட்ட வரிசை இது: மலேசியா, வியட்நாம், ஜப்பான் (செர்ரி பூக்கும் நேரத்தில்), பிறகு டல்லாஸில் மகள் வீடு, மெக்சிகோ, பெரு, அங்கிருந்து நேராக ஐரோப்பா, கடைசியில் ஜார்ஜியா, துருக்கி, வீடு. ஐரோப்பாவுக்குச் செப்டம்பரில்தான் போய்ச் சேருவோம். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவே முடியாது என்கிறார்கள். ஆறு மாதம் என்று பார்த்தால் நாங்கள் ஜப்பானில் இருப்போம். அங்கிருந்து விண்ணப்பிக்கலாமா?

இன்னொன்று. என் பாஸ்போர்ட்டில் ஒன்பது பக்கங்கள்தான் காலியாக உள்ளன. பேரன் பிறந்தபோது 2019-இல் எடுத்த பத்து ஆண்டு அமெரிக்க விசா இருவருக்கும் அதில்தான் இருக்கிறது, அதனால் பாஸ்போர்ட்டை மாற்றப் பயமாக இருக்கிறது. மனைவி இன்சுலின் போடுகிறார். எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் முடித்துத் தருகிறேன், இந்த வாரமே பணம் கட்டுங்கள் என்று ஒரு முகவர் தினமும் தொலைபேசியில் அழைக்கிறார். கட்டலாமா?

மூட்டைமுடிச்சு:

ஐயா, முதலில் அந்த முகவருக்குப் பணம் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் வசிக்கிறீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா வந்தவராக ஜப்பானில் போய் நின்றால், ஏன் உங்கள் ஊரில் விண்ணப்பிக்கவில்லை என்பதற்கு நியாயமான காரணம் காட்டச் சொல்வார்கள். ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். அதாவது உங்கள் வரிசையில் பெருவிலிருந்து நேராக ஐரோப்பா என்பது நடக்காது.

பயணத்தை இரண்டாக உடையுங்கள். பெரு முடிந்ததும் ஜூலையில் ஊருக்கு வந்துவிடுங்கள். முடிவு வரப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும், அதுவரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும். ஆகவே ஆறேழு வாரம் வீட்டில் இருங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். உள்ளே போன பிறகு, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. காப்பீட்டுக்கும் இந்த உடைப்பு நல்லது. பல பாலிசிகள் ஒரே பயணத்துக்கு 180 நாள் வரைதான் கொடுக்கின்றன.

பாஸ்போர்ட்டைத் தாராளமாக மாற்றுங்கள், இப்போதே. மறுவெளியீட்டு விண்ணப்பத்தில் 60 பக்கம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண முறையில் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். ஐந்நூறு ரூபாய்க்காக 36 பக்கம் வாங்கிவிட்டு வழியில் பக்கம் எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. பழையதை ரத்து செய்து உங்களிடமே திருப்பித் தருவார்கள். அதில் செல்லுபடியாகும் விசா இருக்கிறது என்று கவுன்ட்டரில் சொல்லிவிடுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் அமெரிக்க விசா அதன் தேதி வரை செல்லும். இரண்டு புத்தகத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

அந்த விசாவின் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அது இருப்பதால்தான் இந்தியப் பாஸ்போர்ட்டுடன் மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் தனி விசா இல்லாமல் போக முடிகிறது. பெருவுக்கு அதில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஜார்ஜியாவும் அதைப் பார்த்தே உள்ளே விடும். துருக்கியின் இ-விசாவும் அதை வைத்துத்தான் கிடைக்கிறது. பேரன் உங்களுக்குப் பாதி உலகத்தைத் திறந்து வைத்திருக்கிறான்!

ஜப்பானுக்கு மட்டும் தேதியைக் கவனியுங்கள். ஒருமுறை நுழையும் விசா வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். நவம்பரிலேயே வாங்கி வைத்தால் பூ பூப்பதற்குள் காலாவதியாகிவிடும். ஜனவரி முதல் வாரம் கைக்கு வரும்படி விண்ணப்பித்தால் மார்ச் கடைசி சரியாகப் பொருந்தும். வியட்நாமுக்கு 90 நாள் இ-விசா இருக்கிறது. மலேசியாவுக்கு இந்தியர்கள் 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா இல்லாமல் போகலாம். புறப்படும் முன் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும்.

பொன்மலைக்காரன்:

தம்பிக்கு நன்றி. ஆனால் நடுவில் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனால் அது உலகம் சுற்றியதாகுமா? ஒரே மூச்சில் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. மனைவிக்கு இந்த யோசனை உடனே பிடித்துவிட்டது. ஆவணியில் அவருடைய தம்பி மகள் திருமணம். இந்தப் பேச்சை ஆரம்பித்த நாளிலிருந்து அதைச் சொல்ல முடியாமல் வைத்திருந்தாராம்.

மூட்டைமுடிச்சு:

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள் ஐயா. திருச்சியில் கிளம்பிக் கிழக்கே ஜப்பான், பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்கா, அங்கிருந்து அட்லாண்டிக் தாண்டி ஊர். முதல் பாதியிலேயே பூமியை முழுதாகச் சுற்றிவிடுகிறீர்கள். ஐரோப்பா அதற்கு மேல் போனஸ்தான்.

மதுரை மல்லி:

இன்சுலின் பற்றி யாரும் எழுதவில்லையே. 14 ஆண்டுகளாகப் போட்டுக்கொள்கிறேன், மகன்களோடு நாலைந்து நாடுகள் போய்வந்திருக்கிறேன், அந்த உரிமையில் கேட்கிறேன். அண்ணா, உங்கள் வீட்டு அம்மா போடுவது குப்பி மருந்தா, பேனா வடிவ ஊசியா? குளிர்பெட்டியைத் திறந்து குப்பியின் மேல் எந்த எண் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்றதை அதன் பிறகு சொல்கிறேன்.

பொன்மலைக்காரன்:

குப்பிதான். கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ‘40 ஐயூ/மிலி’ என்று அச்சிட்டிருக்கிறது. சிரிஞ்சின் மூடி சிவப்பு. 

மதுரை மல்லி:

நினைத்தேன். கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் குப்பி பெரும்பாலும் 40, அதாவது ஒரு மில்லிக்கு 40 அலகு மருந்து. வெளிநாடுகளில் நீங்கள் காணப்போவது 100. அதற்கான சிரிஞ்சு வேறு, மூடி ஆரஞ்சு நிறம். குப்பி தீர்ந்து அங்கே ஒன்று வாங்கி, இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சில் வழக்கமான கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. தனியறையில், இரவில், மொழி தெரியாத ஊரில் சர்க்கரை கீழே இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேனாவுக்கு வரும் இன்சுலின் இங்கேயும் 100தான். மருத்துவரிடம் பேசிப் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பேனாவுக்கு மாறி, வீட்டில் பழகிக்கொள்ளட்டும். நாடு மாறும்போது நேரம் மாறுவதால் எந்த ஊசியை எப்போது போடுவது என்று அவரிடமே எழுதி வாங்குங்கள்.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனா அறை வெப்பத்தில் பொதுவாக 28 நாள் தாங்கும், ஆனால் வெயிலில் அல்ல. விமானத்தில் கைப்பையில்தான், பெட்டியோடு கீழே அனுப்பக் கூடாது, அங்கே உறைந்துவிடலாம். விடுதிகளின் சிறிய குளிர்பெட்டியையும் நம்பாதீர்கள். ஹனோயில் ஒரு விடுதியில் உள்சுவரை ஒட்டி மூன்று பேனாக்களை வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் பேனா மேல் பூஞ்சை போல வெள்ளையாகப் பனி. உருகிய பிறகு பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. உறைந்த இன்சுலின் உறைந்ததுதான் என்று மூன்றையும் தூக்கிப்போட்டேன். அன்று முதல் கதவுத் தட்டில், துண்டில் சுற்றித்தான் வைக்கிறேன். மெக்சிகோவில் குளிர்பெட்டி இல்லாத அறை கிடைத்தால் நம் ஊர் வித்தைதான்: சிறு மண்பானை, அடியில் ஈரத்துணி.

ஜப்பானுக்குள் ஒரு மாத அளவுக்கு மேல் மருந்து கொண்டுபோவதென்றால் ‘யுன்யு காகுனின்-ஷோ’ என்ற சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். நீங்கள் அமெரிக்காவுக்கும் சேர்த்து எடுத்துப்போவதால் அது கட்டாயம் தேவைப்படும். அமெரிக்காவில் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். விலையைக் கேட்டாலே சர்க்கரை ஏறும். மிச்சத்தை மகள் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் வேண்டியதை மட்டும் எடுத்துப் போங்கள்.

சும்மா சொல்கிறேன்:

எல்லோரும் முகவரைத் திட்டுகிறீர்கள். விமான நிறுவனக் கூட்டணிகள் விற்கும் உலகச் சுற்று டிக்கெட் மோசமானது அல்ல. ஓராண்டு செல்லும், 16 விமானங்கள் வரை ஏறலாம், தேதியை மாற்றிக்கொள்ளலாம். நான் போயிருக்கிறேன்.

மூட்டைமுடிச்சு:

மோசம் என்று சொல்லவில்லை. ஒரே திசையில் போக வேண்டும், தொடங்கிய நாட்டில்தான் முடிக்க வேண்டும் என்பது அதன் விதி. இவர் ஜூலையில் ஊருக்கு வந்தால் அத்தோடு டிக்கெட் முடிந்துவிடும். விசா கையில் வராத நாடுகளுக்கும் இப்போதே பணம் கட்டச் சொல்வதுதான் தவறு. ஆனால் ஒன்று, தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு விமான நிலையத்திலும் ‘அடுத்து எங்கே போகிறீர்கள், டிக்கெட் எங்கே’ என்று கேட்பார்கள். அடுத்த நாட்டுக்கான டிக்கெட் கையில் இல்லாமல் கவுன்ட்டருக்குப் போகாதீர்கள்.

இரவுப் பணியாளர்:

ஓடிபி பற்றியும் யோசியுங்கள் சார். இருக்கும் சேமிப்பெல்லாம் ஒரே வங்கி, ஒரே கைபேசி எண் என்றால் டோக்கியோவில் பணம் எடுக்க முடியாமல் நிற்பீர்கள். கிளம்பும் முன் இந்தியாவில் இருக்கும்போதே சர்வதேச ரோமிங்கைத் திறந்து, ஓராண்டு ரீசார்ஜ் போட்டுவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு 2020 முதல் இயல்பாகவே மூடித்தான் வருகிறது. செயலியில் நீங்கள்தான் திறக்க வேண்டும். உங்கள் வீட்டு அம்மாவின் பெயரில் வேறு வங்கி, வேறு கார்டு, வேறு பையில்.

ஓய்வூதியம் மத்திய அரசுடையது என்பதால் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அப்போது ஜார்ஜியாவில் இருந்தாலும் கைபேசியில் முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் என்ற இணைய வாழ்நாள் சான்றைக் கொடுக்கலாம். ஆனால் முதல் முயற்சியை அங்கே செய்யாதீர்கள். இந்த நவம்பரிலேயே வீட்டில் செய்து பழகுங்கள்.

மதுரை மல்லி:

பெரு என்றதும் மஞ்சள் காய்ச்சல் நினைவுக்கு வந்தது. தடுப்பூசி சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் போடுகிறார்கள், ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஆனால் 60 தாண்டியவர்களுக்கு முதல் தடவையாகப் போட்டால் பக்கவிளைவு அபாயம் கூடுதல். அண்ணாவுக்கு 62. மருத்துவரைக் கேட்காமல் வரிசையில் நிற்க வேண்டாம்.

மூட்டைமுடிச்சு:

மச்சு பிச்சு, குஸ்கோ, லிமா மட்டும் என்றால் அந்த ஊசி தேவையில்லை, அமேசான் பக்கம் போனால்தான் சிக்கல். ஆனால் பெருவிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்துவார்கள். லிமாவிலிருந்து மறுபடி டல்லாஸுக்குப் போய் மகளோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வாருங்கள். மீதி இன்சுலினும் அங்கேதானே இருக்கிறது.

பொன்மலைக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 60 பக்கப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பழையதன் மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்தார்கள், விசாப் பக்கம் பத்திரமாக இருக்கிறது. முகவர் இப்போது அழைப்பதில்லை. மருத்துவர் பேனாவுக்கு மாற்றிவிட்டார். மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டாம், அமேசானையும் விட்டுவிடுங்கள் என்றார். முதல் நாள் பேனாவை அழுத்திவிட்டு, மருந்து உள்ளே போயிற்றா இல்லையா என்று இருவரும் பத்து நிமிடம் விவாதித்தோம். வாழ்நாள் சான்று வெளிச்சம் போதாமல் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை மாடியில் நின்று எடுத்தபோது போனது. ஜூலையில் ஊருக்கு வருகிறோம், திருமணத்துக்கு மொய் எழுத நானும் இருப்பேன்.

மனைவி ஒன்று கேட்கச் சொல்கிறார். மகளுக்கு வீட்டு மரத்துக் கறிவேப்பிலை கொஞ்சம் எடுத்துப் போகலாமா?

மதுரை மல்லி:

அமெரிக்காவுக்குள் பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது அண்ணா. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் வரும் என்று தடை போட்டிருக்கிறார்கள். பையில் வைத்து மறைக்கவும் வேண்டாம், அபராதம் விழும். அங்கே இந்தியக் கடையில் கிடைக்கும், மகளை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.