பணம் பிள்ளையோடு போனால் பள்ளி நிதியில் நியாயம் வருமா?

தராசு: பிள்ளை சேரும் பள்ளிக்கே, அது தனியார் பள்ளியானாலும், அரசுப் பணம் போவதுதான் வவுச்சர். அது பள்ளிக்குள் சந்தையை நுழைத்து ஏற்றத்தாழ்வை உண்டாக்கும் என்கிறார்கள். சந்தை நுழைந்ததால்தான் ஏற்றத்தாழ்வு என்பதை ஏற்க மாட்டேன். அமெரிக்காவின் டெக்சஸில், வட்டாரச் சொத்து வரியை நம்பிய பள்ளி நிதிமுறையை எதிர்த்த ராட்ரிகஸ் வழக்கில் (1973) வெளிவந்த கணக்கு இது: ஏழை எட்ஜ்வுட் வட்டாரத்தில் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி, பிள்ளைக்குத் தேறியது 26 டாலர். பணக்கார ஆலமோ ஹைட்ஸில் வரி 0.85 டாலர்தான், தேறியதோ 333. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று இதைச் செல்லும் என்றது. இங்கே வவுச்சரும் இல்லை, தனியாரும் இல்லை. வீட்டு முகவரியிலிருந்து நிதியை அவிழ்த்துப் பிள்ளையோடு அனுப்புங்கள்.

கரும்பலகை: அந்த அநியாயத்துக்கு மாநிலமே வரியைத் திரட்டிப் பகிர்ந்தால் போதுமே. 20 வகுப்பில் 500 பேர் படிக்கும் பள்ளியிலிருந்து 50 பேர் விலகட்டும். தலைக்கணக்கு நிதி 10 விழுக்காடு போய்விடும். வகுப்புக்கு இரண்டு மூன்று பேர்தான் குறைவு, ஓர் ஆசிரியரையும் குறைக்க முடியாது. கூரைப் பராமரிப்பும் மின்கட்டணமும் அப்படியே நிற்கும். கடைசியில் நூலகத்திலும் சிறப்புப் பயிற்சியிலும் கை வைப்பார்கள். விலகாத 450 பேர் செய்த தப்பு என்ன?

தராசு: அதற்காகப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறிக்க வேண்டாம். கட்டடத்துக்கும் அடிப்படைப் பணியாளருக்கும் பள்ளிக்கு நிலைத்தொகை, மீதி தலைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். தேவைக்கேற்ற எடையும் வேண்டும்: கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையை நிதிக்கணக்கில் ஒன்றுக்கு மேல் எண்ணுவது. 1917 முதலே தனியார் பள்ளிக்கும் சம நிதி என்ற நெதர்லாந்தில், 1980-களில் வந்த தொடக்கப்பள்ளி எடைமுறையில், படிப்புக் குறைந்த குடியேறிகளின் பிள்ளைக்கு 1.9 எடை இருந்தது.

சல்லடை: இருவரும் சேர்க்கையை விட்டுவிட்டீர்கள். பெரிய ஓட்டை அங்கேதான். சிலியில் வவுச்சர் 1981-ல் வந்தது. 1990-களில் மானியம் வாங்கிய தனியார் பள்ளிகள் பெற்றோரிடமும் கட்டணம் வசூலித்தன, தேர்வு வைத்தும் ஆள் எடுத்தன. ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் தொகை தரும் சட்டம் வர 2008 ஆயிற்று. லாபம், கட்டணம், தேர்வு மூன்றையும் படிப்படியாக நிறுத்தும் சட்டம் 2015-ல். கட்டணம் இருக்கும்வரை எடை போட்டும் பயனில்லை: 1.9 எடையுள்ள பிள்ளை வாசலையே தாண்டாது.

தராசு: கட்டணத் தடையை ஏற்கிறேன். இடம் குறைவானால் குலுக்கல். ஆனால் புதிதாகப் பள்ளி தொடங்குபவரை அடைக்காதீர்கள்.

கரும்பலகை: குலுக்கலில் நுழைந்த பிள்ளையை நடுவில் வெளியேற்றினால்? ஆண்டுக்கு ஒரே நாளில் தலை எண்ணும் இடங்களில், அந்த நாள் கழிந்ததும் "உங்கள் பிள்ளைக்கு இது பொருந்தாது" என்று அனுப்பினாலும் பணம் பழைய பள்ளியிலேயே தங்கிவிடும். பிள்ளையை மறுக்க முடியாத அரசுப் பள்ளி வெறுங்கையோடு ஏற்கிறது. மாதந்தோறும் எண்ணி, மிச்ச மாதத் தொகையைத் திரும்பப் பிடிக்கும் விதியை எழுதுவீர்களா?

தராசு: எழுதலாம். பிள்ளை தானாக விலகினாலும் அதே விதிதான், அரசுப் பள்ளிக்கும் சேர்த்து.