கண்ணைத் திறந்ததும் காணாமல் போகும் வால்: ஐலைனர், ஐஷேடோ அனுபவங்கள்

மடிப்பு இமைக்காரி:

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மேல் இமை கொஞ்சம் தொங்கலாக இருக்கும். அம்மாச்சி, அம்மா, நான் என்று வரிசையாக வந்த சொத்து. புருவத்துக்குக் கீழே உள்ள தோல் மடிந்து இமை மேல் உட்கார்ந்துகொள்ளும். கண்ணைத் திறந்தால் இமை என்று ஒரு நூல் அளவுதான் தெரியும். கல்லூரிக் காலத்திலிருந்து ஐலைனர் போடுகிறேன். இந்த மடிப்புதான் அத்தனை சொதப்பலுக்கும் காரணம் என்பது போன மாதம்தான் எனக்கு உறைத்தது.

சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். நன்றாக ஒரு விங், அதாவது கடைக்கண்ணைத் தாண்டி நீளும் வால், போட்டுக்கொண்டு போகலாம் என்று ஆசை. போனை டிபன் டப்பாவில் சாய்த்து வீடியோவை ஓடவிட்டு, அதில் வந்த பெண் செய்த மாதிரியே கண்ணை மூடி, கடைக்கண் தோலை விரலால் இழுத்துப் பிடித்து, ஒரே இழுப்பில் வால் வரைந்தேன். மற்ற கண்ணால் எட்டிப் பார்த்தால் கத்தி மாதிரி இருந்தது. விரலை எடுத்துக் கண்ணைத் திறந்தேன். வாலின் நடுப்பகுதியை மடிப்பு விழுங்கிவிட்டது. நுனி மட்டும் தனியாக, செத்த எறும்பு ஒட்டிக்கொண்டிருப்பது போல ஓரத்தில் நின்றது. சரி, தடிமனாக்கினால் தெரியும் என்று தடிமனாக்கினேன். காய்வதற்குள் நிமிர்ந்து பார்த்ததில் மடிப்பின் மேல் பக்கத்திலும் அதே கோடு அச்சாகிவிட்டது. அதை மறைக்க இன்னும் தடிமன். அப்புறம் அடுத்த கண்ணும் சமமாக வேண்டாமா? மண்டபத்தில் பெரியம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "ஏன்டி, ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள், ராத்திரி முகம் கழுவப் போகும் முன் தினமும் வரைந்து பார்த்தேன். எப்படியும் கழுவப் போகிற முகம்தானே. கடைசியில் பிடிபட்டது இதுதான். கண்ணாடியை நேராகப் பார்த்து, புருவத்தைத் தூக்காமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே வால் வரைய வேண்டும். கீழ் இமை முடி முடிகிற இடத்திலிருந்து புருவத்தின் வெளிநுனியை நோக்கி ஒரு சாய்வு. வால் எங்கே முடிய வேண்டுமோ அங்கே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து உள்நோக்கி, மடிப்பின் மேலேயே கோட்டை நடத்திக்கொண்டு வர வேண்டும். இப்போது கண்ணை மூடினால் மடிப்பு இருந்த இடத்தில் ஒரு படி விழுந்திருக்கும், வௌவால் இறக்கையின் வளைவு மாதிரி. அதை நிரப்பிவிட வேண்டும். மூடினால் கோணல், திறந்தால் நேர். மூடிய கண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஐஷேடோவுக்கும் இதே கதைதான். மடிப்புக்குள் அடர் நிறம் போடச் சொல்வார்கள். என் மடிப்புக்குள் போட்டால் அது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். இப்போது மடிப்புக்கு மேலேயே, தொட்டால் எலும்பு தட்டுப்படும் இடத்துக்குச் சற்றுக் கீழே, என் தோலைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பைத் தேய்க்கிறேன். திறந்த கண்ணிலும் நிழல் தெரிகிறது.

உங்கள் சொதப்பல்களையும் சொல்லுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும்.

சோடாபுட்டி:

உங்களுக்காவது மடிப்பு தெரிகிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 7. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் ஐலைனர் தெரியாது, கண் தெரியாது, எதிரே நிற்பது நானா மாமியாரா என்பதே தெரியாது. போட்டுக்கொண்டால் பிரஷ் உள்ளே நுழையாது.

பெரிதாக்கிக் காட்டும் முகக்கண்ணாடி வாங்கு என்று எல்லோரும் சொன்னார்கள். ஐந்து மடங்கு பெரிதாக்குகிறது என்று சொல்லி ஒன்றை வாங்கினேன். அதில் என் கண் ஐந்து மடங்கு மங்கலாகத் தெரிந்தது. ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து, கண்ணாடிக் கடையில் பவர் சோதிக்கும் தம்பியிடம் புலம்பினேன். அவர்தான் சொன்னார்: "அக்கா, அது வெள்ளெழுத்துக்காரங்களுக்கு. மைனஸ் 7 உள்ள கண்ணுக்கு 14 சென்டிமீட்டருக்குள்ள இருக்கறதுதான் தெளிவா தெரியும். சாதாரணக் கண்ணாடியே முகத்தோட பிம்பத்தை இரண்டு மடங்கு தள்ளிக் காட்டும். இந்தக் குழிக்கண்ணாடி இன்னும் தூரமா தள்ளிடும்." ஆகவே எனக்கு வேண்டியது ஏழு சென்டிமீட்டருக்குள் பிடிக்கிற மாதிரி ஒரு சின்ன, சாதாரண, பெட்டிக்கடைக் கண்ணாடி. மூக்கு இடிக்கும், மூச்சுப் பட்டு ஆவி படியும், ஆனால் ஒவ்வொரு இமை முடியும் எண்ணுகிற மாதிரி தெரிகிறது. பதினைந்து வருடக் குழப்பம் இருபது ரூபாயில் தீர்ந்தது.

இன்னொன்று. மைனஸ் கண்ணாடி கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும். அதனால் மேலேயும் கீழேயும் தடியாக மை இழுத்தால் கண் கடுகாகிவிடும். நான் மேலே மட்டும் மெல்லிய கோடு, கண்ணின் மூக்கோர முனையில் ஒரு பொட்டு வெளிர் பொன் ஷேடோ, அப்புறம் மஸ்காரா, அவ்வளவுதான். என் மாமியாருக்கு பிளஸ் கண்ணாடி. அவருக்கு நேர் எதிர்: கண் பெரிதாகத் தெரியும், கூடவே பிசிறும் பெரிதாகத் தெரியும்.

நெல்லை மேக்கப் அக்கா:

கல்யாண மேக்கப் தொழிலுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. வாலைப் பற்றி மடிப்புக்காரத் தங்கை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் மணப்பெண்ணைப் பாயில் படுக்க வைத்து வரைந்த காலமும் உண்டு. எழுந்து உட்கார்ந்ததும் முகமே வேறாகிவிடும். இப்போது நாற்காலியில் நேராக உட்கார வைத்துத்தான் வாலை முடிவு செய்வேன்.

என் சொதப்பலைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், வைகாசி மாதம். முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு. ராத்திரி ஒன்றரைக்கே பெண்ணை உட்கார வைத்தாகிவிட்டது. பெண்ணின் அம்மா, "கண்ணு நல்லா எடுப்பா இருக்கணும்மா" என்றார். நானும் கீழ் இமையின் உள்விளிம்பில் காஜலை மூன்று சுற்று ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்து எல்லோரும் சொக்கிப் போனார்கள். மேடையில் ஹோமம். அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். ஐயர் நெய் ஊற்ற ஊற்றப் புகை. பெண்ணுக்குக் கண் கலங்க ஆரம்பித்தது. தாலி கட்டும் நேரத்தில் அப்பா முகத்தைப் பார்த்து நிஜமாகவே அழுதுவிட்டது. கறுப்பாக இரண்டு கோடு, கன்னம் வரை. அவசரத்தில் நான் கைக்குட்டையால் துடைக்க, பவுண்டேஷனும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த ஆல்பத்தில் தாலி கட்டும் படம் எல்லாமே பக்கவாட்டில் எடுத்ததாகத்தான் இருக்கும். மீதிப் பணத்தை நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து, அழப் போகிற பெண்ணுக்குக் கீழ் உள்விளிம்பில் காஜல் கிடையாது. அழாத மணப்பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. கீழே இமை முடியின் வேருக்கு வெளியே அடர் பழுப்பு ஷேடோவை மெல்லிய பிரஷ்ஷால் ஒற்றிவிடுவேன். கண்ணீர் வந்தால் டிஷ்யூவை மடித்து ஒற்றினால் போதும், தேய்க்கக் கூடாது. மேலே தண்ணீரில் கரையாத லைனர். அது காய்ந்ததும் அதே கறுப்பில் ஷேடோவைப் பட்டும் படாமல் மேலே அழுத்திவிடுவேன். மை பூசப் போகும் முன் இமையில் இருக்கும் எண்ணெயைத் துடைத்து, கொஞ்சம் கன்சீலர் (கருமையை மறைக்கும் கிரீம்), அதன் மேல் தூள். இமையில் எண்ணெய் இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லைனரும் நிற்காது. பேனா மாதிரி இருக்கும் லைனரை மட்டும் தூளின் மேல் ஓட்டாதீர்கள், முனை அடைத்துக்கொள்ளும். காய்ந்துவிட்டது என்று நினைத்து நான் நாலைந்து தூக்கிப் போட்டிருக்கிறேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சண்டை எல்லாம் அங்கேதான். பேலட்டில் பார்க்க அழகாக இருக்கும் வெளிர் ரோஸ், லாவெண்டர் எல்லாம் மாநிறத்தில் விபூதி பூசிய மாதிரி நிற்கும். அதில் வெள்ளை நிறமியும் டால்க்கும் அதிகம், நிறம் குறைவு. செங்கல், செம்பு, கத்தரிப்பூ, மயில் கழுத்து, இவை நம் தோலில் தானாக எடுப்பாகத் தெரியும். பளபளப்பு ஷேடோவை பிரஷ்ஷால் இழுத்தால் கன்னமெல்லாம் கொட்டும். மோதிர விரல் நுனியைக் கொஞ்சம் ஈரப்படுத்தி அழுத்துங்கள். அடர் ஷேடோ போடுவதாக இருந்தால் கண்ணை முதலில் முடித்துவிட்டு, கொட்டியதைத் துடைத்துவிட்டு, அப்புறம் பவுண்டேஷனுக்கு வாருங்கள்.

"புடவை பார்டர் பச்சை, கண்ணுக்கும் பச்சை போடுங்க" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கீழ் இமை ஓரத்தில் ஒரு இழை பச்சை வைத்துவிடுவேன். அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் தூக்கம் வரும். கைவினைப் பொருள் கடையில் விற்கும் ஜிகினாத் தூளை மட்டும் யார் கெஞ்சினாலும் கண்ணில் போட மாட்டேன். அது வெட்டிய பிளாஸ்டிக். ஓரம் கூர். கருவிழியைக் கீறிவிடும்.

சலங்கை:

அக்கா, அரங்கேற்ற மேக்கப்பில் இதற்கெல்லாம் இடமே இல்லை. மேல் கோட்டையும் கீழ் கோட்டையும் சேர்க்காமல் வெளியே நீட்டி, நடுவில் இடைவெளி விடுவோம், மீன் வால் மாதிரி. சிலர் அந்த இடைவெளியில் வெள்ளையும் தீட்டுவார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கிட்டத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். ஒரு தடவை சபாவில் ஆடிவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். பக்கத்து சீட் குழந்தை திருவான்மியூர் வரை அழுதது.

கழற்றுவதற்குத் தேங்காய் எண்ணெய். இமையில் தடவி முப்பது எண்ணுங்கள். அப்புறம் பஞ்சு.

ஓஎம்ஆர்வாசி:

நான் கான்டாக்ட் லென்ஸ் போடுபவள். தினமும் கீழ் உள்விளிம்பில் காஜல் இல்லாமல் ஆபீஸ் போக மாட்டேன். ஒரு நாள் லென்ஸ் போட்டால் கண் முன்னால் புகைமூட்டம். கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் லென்ஸ் மேல் கறுப்பு மினுமினுப்பாக எண்ணெய்ப் படலம். கண் டாக்டர் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, நான் கோடு போடும் அதே இடத்தில்தான் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன, அந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காயாமல் பார்த்துக்கொள்கிறது, அதைத்தான் நான் தினமும் மெழுகால் பூசி அடைக்கிறேன் என்றார். திட்டவில்லை. ஆனால் திட்டியிருக்கலாம் போலிருந்தது.

இப்போது இமை முடிக்கு வெளியேதான் கோடு. லென்ஸ் போட்ட பிறகு மேக்கப், லென்ஸைக் கழற்றிய பிறகுதான் மேக்கப் கழற்றுவது. மஸ்காரா மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. மனசு வலிக்கும், ஆனால் தூக்கிப் போடுங்கள்.

மைச்சிமிழ்:

இந்த விலை உயர்ந்த பென்சில்களின் பின்பக்கத்தை யாராவது படித்திருக்கிறீர்களா? பலவற்றில் 77266 என்று ஒரு நிறமி எண் இருக்கும். அது வேறொன்றுமில்லை, கரி. என் ஆச்சி வெள்ளிக்கிழமைகளில் வழித்தெடுத்த அதே கரி. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் காயவைப்பாள். திரும்ப நனைத்து, திரும்பக் காயவைத்து, திரியாகத் திரித்து, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்றுவாள். மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். விடிந்ததும் தட்டின் அடியில் வெல்வெட் மாதிரி படிந்திருக்கும். அதைக் கோழி இறகால் வழித்து, இரண்டு சொட்டு விளக்கெண்ணெயில் குழைத்தால் மை. கடை மைக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

ஓஎம்ஆர்வாசி:

மைச்சிமிழ் அக்கா, ஆச்சி மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஒரே சிமிழில் வீடே விரலை விட்டு எடுத்தால் ஒருத்தர் கண்வலி எல்லோருக்கும் வரும். அதைவிட முக்கியம், கரி வேறு, சுர்மா என்கிற கண்ணில் தீட்டும் பொடி வேறு. கல்லைப் பொடித்துச் செய்யும் சில சுர்மாக்களில் அந்தக் கல்லே காரீயத் தாது. வெளியூரிலிருந்து யாராவது பரிசாகக் கொண்டுவந்தால் குழந்தைக் கண்ணில் மட்டும் வைத்துவிடாதீர்கள். திருஷ்டிக்குக் கன்னத்தில் ஒரு பொட்டு போதும், அதுவும் வீட்டுக் கரியில்.

மைச்சிமிழ்:

சரிம்மா. சிமிழைத் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

மடிப்பு இமைக்காரி:

அக்கா சொன்னபடி இமையைத் துடைத்து, கன்சீலர், தூள், லைனர், மேலே ஷேடோ என்று நேற்று செய்து பார்த்தேன். செங்கல் நிறம் வாங்கியாகிவிட்டது. காலை எட்டுக்குப் போட்டது சாயங்காலம் ஆறு வரை மடிப்பில் அச்சாகவில்லை. வலது கண் வால் அப்படியே நின்றது. இடது கண்தான் இன்னும் தகராறு. வலது கை மூக்கைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் நுனி எப்போதும் காதைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறது. முழங்கையை மேசையில் ஊன்றியும் பார்த்தேன், சின்ன விரலைக் கன்னத்தில் ஊன்றியும் பார்த்தேன். இப்போது இடது கண்ணை முதலில் வரைந்துவிட்டு, அது எப்படி வந்ததோ அதற்கேற்ப வலது கண்ணைக் கெடுத்துக்கொள்கிறேன்.

இடக்கைக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், உங்களுக்கு எந்தக் கண் அடம்பிடிக்கிறது?